காணாமல் போன டிஸ்க்கை எங்கே தேடுவது?

கேள்வி: அண்ணே, குமுளியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கீழே கூடலூர், கம்பம் வரைக்கும், மேலே வண்டிப்பெரியார் வரைக்கும் கல்யாண வேலைக்குப் போகிறேன். எடிட்டிங் வேகமாக நடக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு அட்டை) போட்டோம். அன்றிலிருந்து உள்ளே இருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க் தெரியவே இல்லை. நகல் வைத்திருந்த 4 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை எடுத்து மாட்டினால், ஐப்பசி இடிக்குப் பிறகு அதன் லைட்டே எரியவில்லை. கடையில் அதன் பெட்டியைப் பிரித்து, டிஸ்க்கை மட்டும் எடுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் நேராக மாட்டிப் பார்த்தார்கள். சுற்றுகிறது, அளவும் காட்டுகிறது, ஆனால் இனிஷியலைஸ் செய்ய, அதாவது புது டிஸ்க் மாதிரி முதலிலிருந்து தயார் செய்யச் சொல்கிறது. ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். இரண்டு டிஸ்க்கும் செத்துவிட்டது, கொச்சிக்கு ரெக்கவரிக்கு அனுப்பு என்கிறார் இன்னொருவர். மூன்று கல்யாணத்தின் படங்கள் இன்னும் கொடுக்காமல் கிடக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு டிஸ்க்கில் ஒன்றுகூடச் செத்ததாக எனக்குத் தோன்றவில்லை. படங்கள் அதனதன் இடத்தில்தான் இருக்க வேண்டும். அவை அங்கேயே இருப்பதும் அழிவதும் இனி நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதனால் முதலில் மூன்று காரியங்களைச் செய்யாமல் இருங்கள்.

இனிஷியலைஸ் என்று கேட்டால் ‘கேன்சல்’ கொடுங்கள். ஃபார்மேட் என்று கேட்டாலும் அப்படியே. யாராவது ‘செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செக்டிஸ்க் டிஸ்க்கின் கணக்கை நேராக்கும் கருவி. கணக்கு இடிக்கிற கோப்புகளைக் கழித்துக் கட்டவும் அது தயங்காது. நகல் எடுத்த பிறகு ஓட்டினால் பரவாயில்லை, அதற்கு முன் கூடாது.

இன்னொன்று, இது இன்றைக்கே செய்ய வேண்டியது. அந்த மூன்று கல்யாணமும் எடுத்த மெமரி கார்டுகளைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்துவிட்டேனே என்று ஒதுக்காதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் ஃபார்மேட் என்பது பட்டியலை அழிப்பதுதான். படத்தின் மேல் வேறு படம் எழுதாத வரை உள்ளடக்கம் கார்டிலேயே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுக்கும். எடுக்கிற படங்களை அதே கார்டில் அல்லாமல் வேறு டிஸ்க்கில் எழுதச் சொல்ல வேண்டும். முகூர்த்த நாள் நெருங்கினால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க் வேலை எப்படி முடிந்தாலும் இது உங்கள் கையில் இருக்கும் இரண்டாவது வழி.

இனி டிஸ்க்குக்கு வருவோம். ‘தெரியவில்லை’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். எந்த இடத்தில் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். டிஸ்க்குக்குக் கரண்ட் போகிறதா, டேட்டா ஒயர் மதர்போர்டு வரை சேர்ந்திருக்கிறதா, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடிப் பாகங்களைக் கண்டுபிடிக்கும் அடிப்படை மென்பொருள்) அதைப் பார்க்கிறதா, விண்டோஸ் பார்க்கிறதா, விண்டோஸால் உள்ளே படிக்க முடிகிறதா? இந்த வரிசையில் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இவற்றில் நடுக்கோடு பயாஸ். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப் 2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அங்கே சாட்டா போர்ட்டுகளின், அதாவது மதர்போர்டில் டிஸ்க்கின் டேட்டா ஒயர் செருகும் வாய்களின் பட்டியல் இருக்கும். உங்கள் 2 டிபி டிஸ்க்கின் மாடல் எண் அதில் வந்தால் ஒயரையும் கரண்டையும் நோண்ட வேண்டாம், கோளாறு விண்டோஸ் பக்கம். வரவில்லை என்றால் விண்டோஸில் எதைத் தேடியும் பயனில்லை, கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான்.

உங்கள் விஷயத்தில் பயாஸிலும் வராது என்றுதான் நினைக்கிறேன். காரணம், கோளாறு தொடங்கிய நாள். நேற்று வரை ஓடிய டிஸ்க், எஸ்எஸ்டி போட்ட அன்றே காணாமல் போகிறது என்றால் முதல் சந்தேகம் அந்த எஸ்எஸ்டி உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல்.

மதர்போர்டில் எம்.2 என்ற நீளமான சிறு ஸ்லாட்டில்தான் அதைச் செருகியிருப்பார்கள். பார்வைக்கு அந்த ஸ்லாட்டுக்கும் சாட்டா போர்ட்டுகளுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே சம்பந்தம் உண்டு. மதர்போர்டின் சிப்செட் என்ற கட்டுப்பாட்டுச் சில்லிலிருந்து வெளியே போகும் தரவுத் தடங்கள் எண்ணி வைத்தவை. போர்டு தயாரிப்பவர்கள் எம்.2 ஸ்லாட்டுக்கும் சில சாட்டா போர்ட்டுகளுக்கும் ஒரே தடத்தைக் கொடுத்திருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வாய்க்காலில் இரண்டு மடை இருந்தால், இந்த மடையைத் திறக்கும்போது அந்த வயலுக்குத் தண்ணீர் நிற்கும் அல்லவா, அதே கதை. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி உட்கார்ந்ததும் ஐந்தாவது, ஆறாவது சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் போர்டுகள் நிறைய உண்டு. அந்தப் போர்ட்டில் மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் டிஸ்க் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் மட்டும் அணையும், என்விஎம்இ போட்டால் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் நேர்மாறு. மதர்போர்டின் மேலேயே மாடல் பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மேனுவலை இறக்கி, சேமிப்பகப் பக்கத்தின் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். விஷயம் அங்கே ஒரே வரியில் இருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கம்ப்யூட்டரை அணைத்து, ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரும் மெல்லிய தட்டை ஒயர் மதர்போர்டில் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கழற்றி முதல் நான்கு சாட்டா போர்ட்டுகளில் காலியாக இருப்பதில் மாட்டுங்கள். போர்ட்டின் பக்கத்திலேயே எண் அச்சிட்டிருக்கும். காலி இல்லை என்றால், போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கும் பட்சத்தில் எஸ்எஸ்டியை அங்கே மாற்றலாம். டிவிடி டிரைவ் ஒன்று யாருக்கும் பயன்படாமல் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

போர்ட் மாற்றியும் வரவில்லையா? அடுத்தது கரண்ட். எம்.2 எஸ்எஸ்டி போடக் கைவிட்டபோது பக்கத்து ஒயர் தளர்ந்திருக்கலாம். சாட்டா டிஸ்க்கில் இரண்டு வாய் உண்டு. 7 பின் உள்ள சின்னது டேட்டாவுக்கு, 15 பின் உள்ள பெரியது கரண்டுக்கு. இரண்டையும் முழுதாகக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். குமுளி மாதிரி வருஷத்தில் பாதி நாள் பனியும் தூறலுமாக இருக்கும் ஊரில் பின்களில் மெல்லிய படலம் கட்டும். கழற்றிச் செருகும்போது அது உரசிப் போய்விடுவதால்கூடச் சில டிஸ்க்குகள் உயிர் பெறும். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு டிஸ்க்கின் பக்கவாட்டில் விரல் வைத்துப் பாருங்கள், சுற்றினால் லேசான அதிர்வு தெரியும். சுற்றும்போது டிஸ்க்கைத் தூக்கவோ திருப்பவோ கூடாது. அதிர்வே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வரும் வேறொரு சாட்டா பவர் முனையை மாட்டிப் பாருங்கள். அதிர்வு உண்டு, ஆனால் பயாஸில் வரவில்லை என்றால் டேட்டா ஒயரை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று கடைசி வரை தெரியாது.

பவர் ஒயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைக் கடன் வாங்கி மாட்டக் கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். நல்ல டிஸ்க்கின் போர்டு அந்த நொடியில் கருகிவிடும்.

பயாஸில் டிஸ்க் வந்துவிட்டது, ‘திஸ் பிசி’ (பழைய ‘மை கம்ப்யூட்டர்’) பக்கத்தில் மட்டும் இல்லை என்றால் பயம் வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது க்ளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) இருந்து, D, E மாதிரி டிரைவ் எழுத்து மட்டும் இல்லாவிட்டால் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். முன்பு எந்த எழுத்தில் இருந்ததோ அதையே கொடுங்கள். எடிட்டிங் மென்பொருள் பழைய எழுத்தில்தான் படங்களைத் தேடும். எழுத்து மாறியிருந்தால் படங்கள் அத்தனையும் காணவில்லை என்று சொல்லி வீணாகக் கலவரப்படுத்தும். ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் வலது க்ளிக் செய்து ‘ஆன்லைன்’ ஆக்கலாம். ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்குக் க்ளோன் செய்து இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் விட்டால் இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாகிவிடும். அப்போது விண்டோஸ் ஒன்றை இப்படித்தான் ஓரங்கட்டும்.

டிஸ்க் திரும்பி வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். 5, 197 என்ற எண்ணுள்ள வரிகள் மோசமான செக்டார்களை (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னச் சின்னத் துண்டுகள்) சொல்பவை. அவற்றில் பூஜ்யம் தவிர வேறு ஏதாவது இருந்து, அதுவும் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. 199 ஏறினால் பெரும்பாலும் டேட்டா ஒயர்தான் மோசம், டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம். அந்த மென்பொருள் பதினாறடிமான எண்களில் காட்டும், பார்த்துக் குழம்பாதீர்கள். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து 4 டிபி டிஸ்க். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கோளாறு பெரிது என்பதற்காக அல்ல. ஃபார்மேட் அடித்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறாரே, அதற்காக.

பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்க் என்பது இரண்டு பொருள். உள்ளே இருப்பது சாதாரண 3.5 அங்குல சாட்டா டிஸ்க். அதற்கும் யூஎஸ்பி ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன பிரிட்ஜ் போர்டு இருக்கும். சுவரில் செருகும் அடாப்டர் 12 வோல்ட் கொடுக்கும். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும், இந்தப் பெரியதால் அது முடியாது. இடி விழுந்தால் சுவர்ப் பக்கத்திலிருந்து வரும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது அடாப்டர், அடுத்து பிரிட்ஜ் போர்டு, அதன் பிறகுதான் டிஸ்க். உங்கள் டிஸ்க் கடையில் சுற்றியிருக்கிறது, அளவும் காட்டியிருக்கிறது. அப்படியானால் அதன் மோட்டாரும் போர்டும் தப்பிவிட்டன. 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 3726 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்துக் குறைகிறதே என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

டிஸ்க் நல்லதாக இருந்தும் உள்ளே ஒன்றுமில்லை என்று ஏன் சொல்கிறது? இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் அந்த பிரிட்ஜ் போர்டில்தான்.

முதல் காரணம் பூட்டு. சில தயாரிப்புகளில் நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும் பிரிட்ஜ் போர்டு எல்லாத் தரவையும் மறைகுறியாக்கித்தான் டிஸ்க்கில் எழுதும். படிக்கும்போது அதே போர்டு பிரித்துக் கொடுக்கும். பெட்டியில் இருந்த வரை உங்களுக்கு இது தெரியவே தெரியாது. டிஸ்க்கைத் தனியாக எடுத்து நேராக மாட்டினால் முதல் செக்டாரிலிருந்தே புரியாத எழுத்துதான். விண்டோஸ் அதைப் பார்த்து, ‘இது புது டிஸ்க், இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கும். உங்களிடம் கேட்டது அதுவே, அதனால் இந்தக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

இரண்டாவது காரணம் செக்டாரின் அளவு. டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் 512 பைட் செக்டாரோடு 2 டிபிக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்டுவதற்காகச் சில பிரிட்ஜ் போர்டுகள் செக்டார் ஒன்றுக்கு 4096 பைட் என்று கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லும். நேராக மாட்டும்போது டிஸ்க் 512 என்ற தன் கணக்கைச் சொல்லும். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு எட்டு மடங்கு தப்பிப் போகும். அப்போது பார்ட்டிஷன் ‘ரா’ (விண்டோஸுக்குப் புரியாத வடிவம்) என்று வரும், ஃபார்மேட் செய்யச் சொல்லும். இங்கேயும் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டில் எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: டிஸ்க் அதன் பழைய பெட்டிக்குத் திரும்ப வேண்டும். கடையிலிருந்து டிஸ்க்கோடு பெட்டி, பிரிட்ஜ் போர்டு, அடாப்டர், திருகு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். குப்பைக் கூடையில் போட்டிருந்தாலும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்னப் போர்டு உங்கள் படங்களுக்குச் சாவியாக இருக்கலாம்.

பெட்டியில் லைட் எரியவில்லை என்பதற்காக பிரிட்ஜ் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அடாப்டர் மட்டும் போயிருக்கலாம், அது சில நூறு ரூபாய் விஷயம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் யாரிடமாவது கொடுத்து முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வேறு அடாப்டர். வோல்ட் அதே 12 ஆக இருக்க வேண்டும். ஆம்பியர் பழைய அடாப்டரில் போட்டிருப்பதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற சின்னப் படம் இரண்டு அடாப்டர் மேலும் ஒத்துப்போக வேண்டும். லேப்டாப் அடாப்டரின் முனை பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 19 வோல்ட்.

அடாப்டர் நல்லதாக இருந்தும் லைட் வரவில்லை என்றால் பிரிட்ஜ் போர்டு போயிருக்கிறது. அப்போது அதே தயாரிப்பு, அதே மாடல், அதே கொள்ளளவுள்ள வேறொரு பெட்டி தேட வேண்டும். பழையது கிடைத்தாலும் போதும். பெரும்பாலான மாடல்களில் இது வேலை செய்யும். அதுவும் முடியாமல் போனால்தான் ரெக்கவரி நிலையம். அங்கே அனுப்பும்போது டிஸ்க்கோடு பழைய பிரிட்ஜ் போர்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் எந்த டிஸ்க்கில் கேட்டாலும் உடனே கரண்டை நிறுத்துங்கள். அது படிக்கும் ஹெட் தடுமாறும் சத்தம். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது தட்டில் கீறல் விழச் செய்யும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள், உள்ளே ஈரம் பிடித்து இருப்பதும் போகும். மூடியைத் திறக்கவே கூடாது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசியைவிடச் சிறியது, தூசி விழுந்தால் ஹெட் அதில் இடிக்கும். சத்தமில்லாமல், ஆனால் படிக்கத் திணறும் டிஸ்க் என்றால் அதை நகலெடுக்க லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்.

இடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மதியத்துக்குப் பிறகு இடி கட்டும்போது ஸ்விட்சை அணைப்பது போதாது, ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். பிராட்பேண்ட் ஒயர் வழியாகவும் அதிர்ச்சி வரும், அதையும் கழற்றுங்கள். யூபிஎஸ் கரண்ட் போகும்போது காப்பாற்றும், மின்னலுக்கு அதை நம்ப முடியாது. நகல் டிஸ்க் நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் எதிலும் மாட்டாமல் இருக்கட்டும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் போட்ட டப்பா வைத்திருப்பீர்களே, அதிலேயே டிஸ்க்கையும் வைக்கலாம். குமுளிக் குளிரிலிருந்து இறங்கி கம்பம் வெக்கையில் டிஸ்க்கை எடுத்தால் அரை மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு அப்புறம் மாட்டுங்கள். குளிர்ந்த உலோகத்தில் வியர்ப்பது போல ஈரம் பிடிக்கும்.

நகல் மூன்று இருக்க வேண்டும், அதில் ஒன்று ஸ்டுடியோவுக்கு வெளியே. கம்பத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே ஒரு டிஸ்க் இருக்கட்டும், வேலைக்கு இறங்கும்போதெல்லாம் மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். ஆல்பம் கொடுத்து முடிக்கும் வரை கார்டை ஃபார்மேட் செய்யாமல் இருப்பதும் ஒரு நகல்தான். கார்டு வேறு வாங்கலாம், கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

வேலையை 2 டிபி டிஸ்க்கிலிருந்து ஆரம்பியுங்கள். அது வந்துவிட்டால் அவசரம் தீர்ந்துவிடும். அப்புறம் 4 டிபிக்கு நிதானமாகப் பெட்டி தேடலாம். எதுவும் சரிவரவில்லை என்றால் எனக்கு மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: மதர்போர்டின் மாடல் பெயர், பயாஸில் சாட்டா பட்டியல், டிஸ்க் மேனேஜ்மென்ட் திரை. எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் எடுத்துவிடுங்கள். பழைய பெட்டி வாங்கும்போது காசு கொடுப்பதற்கு முன் அந்த ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண் முழுதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் உள்ளே வேறு போர்டு இருக்கக்கூடும்.